காய்கறி, பழங்களில் அமினோ அமிலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறியில் அமினோ அமிலம் இருக்கிறது என்றதும் பலர் அதைப் புரதக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கில் அதன் பங்கு சிறியது. சுவை, மணம், வெட்டியதும் கறுப்பது, பொரித்ததும் சிவப்பது, சில காய்களின் நச்சு என்று வேறு பல இடங்களில்தான் அது பெரிய வேலை பார்க்கிறது. கீழே உள்ள பதில்கள் சமைப்பவர்களுக்கும் உதவும், ஆய்வகத்தில் அளப்பவர்களுக்கும் உதவும்.

காயிலும் பழத்திலும் அமினோ அமிலம் எந்த வடிவில் இருக்கிறது?

இரண்டு வடிவில். ஒன்று, புரதமாகக் கோக்கப்பட்டது. மற்றொன்று, எதனோடும் சேராமல் செல்சாற்றில் கரைந்து கிடப்பது. இதைத் தனித்த அமினோ அமிலம் என்போம். விதைகளில் பெரும்பகுதி புரதமாகவே இருக்கும். சாறு மிகுந்த காய், பழம், கிழங்குகளில் தனித்த பங்கு அதிகம். உருளைக்கிழங்கின் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதிதான் புரதத்தில் இருக்கிறது.

தனித்தவற்றில் அஸ்பாரஜின், குளூட்டமின் இரண்டும் பெரும்பாலும் முன்னணியில் நிற்கும். செடி தன் நைட்ரஜனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதும் சேமிப்பதும் இவற்றின் வழியாகத்தான். முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலமே அஸ்பாரஜின்தான். 1806-இல் பிரான்சின் வோக்லன், ரொபிக்கே இருவரும் அஸ்பாரகஸ் தண்டின் சாற்றிலிருந்து பிரித்தார்கள். புரதம் கட்டப் பயன்படும் இருபதோடு பட்டியல் முடிவதில்லை. தர்பூசணியின் சிட்ருலின், பூண்டின் அல்லியின், தக்காளியின் காமா அமினோ பியூட்ரிக் அமிலம் (காபா) எல்லாம் புரதத்தில் இடம்பெறாத அமினோ அமிலங்கள்.

காய்கறியை மட்டும் நம்பிப் புரதத் தேவையை நிறைவு செய்ய முடியுமா?

கணக்குப் போட்டால் விடை தெரிந்துவிடும். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளுக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 கிராம். 100 கிராம் தக்காளியில் 0.9 கிராம், உருளைக்கிழங்கில் 2 கிராம், பச்சைப் பட்டாணியில் 5 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். அந்த 50 கிராமுக்குத் தக்காளி ஐந்தரைக் கிலோ வேண்டும், உருளைக்கிழங்கு இரண்டரைக் கிலோ, பட்டாணி ஒரு கிலோ. பட்டாணியைத் தவிர மற்றவை நடைமுறைக்கு ஒத்துவராது.

தரமும் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு, பருப்பு, பயறு வகைகளில் கந்தகம் கொண்ட மெத்தியோனினும் சிஸ்டீனும் குறைவு. தானியங்களில் லைசின் குறைவு. இரண்டையும் உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

உணவு அட்டவணையில் போட்டிருக்கும் ‘புரதம்’ என்ற எண்ணை நம்பலாமா?

பயறுக்கு நம்பலாம், கீரைக்கும் காளானுக்கும் கொஞ்சம் யோசித்து நம்புங்கள். வழக்கமான முறையில் புரதத்தை நேரே அளப்பதில்லை. மொத்த நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற எடுகோள்தான் இந்த 6.25. ஆனால் அஸ்பாரஜினில் 21 விழுக்காடும் அர்ஜினினில் 32 விழுக்காடும் நைட்ரஜன் உண்டு; குளூட்டமிக் அமிலத்தில் 9.5 விழுக்காடுதான். தனித்த அஸ்பாரஜின் நிறைந்த கிழங்கில் இந்தப் பெருக்கல் புரதத்தைக் கூட்டிக் காட்டும்.

கீரைகளில் நைட்ரேட் வேறு சேர்ந்துகொள்கிறது. அமிலத்தில் செரித்து அளக்கும் கெல்டால் முறை நைட்ரேட்டை முழுதாகப் பிடிக்காது. எரித்து அளக்கும் டூமா முறை முழுதும் பிடித்துவிடும். ஒரே கீரையை இரு முறையிலும் அளந்து, டூமா எண் கூடுதலாக வந்தால் முதலில் நைட்ரேட்டைச் சந்தேகியுங்கள். காளானின் செல்சுவரில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் அதற்கு 4.38 என்ற பெருக்கெண்ணைப் பயன்படுத்துவது வழக்கம்.

தனித்த அமினோ அமிலத்தை அளக்க மாதிரியை எப்படித் தயாரிப்பது?

பிழைகளில் பெரும்பாலானவை கருவியில் நடப்பதில்லை, அதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. காயை அறை வெப்பத்தில் அரைத்து வைத்துவிட்டு, கரைப்பானை எடுத்துவரப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அரைத்ததும் செல்லின் குமிழறை உடைந்து அமிலம் கலக்கிறது. அந்தப் புளிப்பில் குளூட்டமேட் டீகார்பாக்ஸிலேஸ் நொதி விறுவிறுவென வேலை செய்து குளூட்டமிக் அமிலத்தைக் காபாவாக மாற்றுகிறது. சில நிமிடங்களிலேயே ஒன்று குறைந்து மற்றொன்று ஏறிவிடும். புரதத்தை வெட்டும் நொதிகளும் சும்மா இருப்பதில்லை.

எனவே உண்ணும் பகுதியை மட்டும் நறுக்கி, உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். உறைந்த நிலையிலேயே பொடியாக்குங்கள். 1 கிராம் பொடியை எடுத்து, அளவு தெரிந்த நார்லியூசினை அக நியமமாக (இழப்பைக் கணக்கிட உதவும் ஒப்பீட்டுப் பொருளாக) அப்போதே சேர்த்துவிடுங்கள். கடைசியில் சேர்த்தால் வழியில் நேர்ந்த இழப்பு தெரியாமல் போகும். 5 மி.லி. 80 விழுக்காடு எத்தனால் ஊற்றிக் கலக்கி, மைய விலக்கியில் சுழற்றி, தெளிவை எடுங்கள். இதையே மொத்தம் மூன்று முறை செய்து தெளிவுகளை ஒன்றாக்குங்கள். காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால் முதல் ஊற்றில் எத்தனாலின் செறிவு சற்று இறங்கும். நொதி முழுதும் அடங்கவில்லை என்று தோன்றினால் முதல் முறைக்குச் சூடான எத்தனாலைப் பயன்படுத்துங்கள். பிறகு 40 °செ.க்கு மிகாமல் வெற்றிடத்தில் எத்தனாலை ஆவியாக்கி, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடியுங்கள்.

கரைசலை நாள்கணக்கில் வெளியில் வைக்காதீர்கள். குளூட்டமின் தானாகவே வளையமாகிப் பைரோகுளூட்டமிக் அமிலமாகிவிடும். அப்புறம் அமினோ தொகுதியோடு வினைபுரிந்து அளக்கும் வழக்கமான முறைகளில் அது தெரியாது. உடனே அளக்க முடியாவிட்டால் −80 °செ.இல் வையுங்கள்.

திரவ நிறப்பகுப்பியில் புரோலின் ‘இல்லை’ என்று வருகிறதே?

அமினோ அமிலத்தை ஒளிரச் செய்யும் ஓ.பி.ஏ. (ஆர்தோ-தாலால்டிஹைடு) வினைப்பொருளை மட்டும் நீங்கள் பயன்படுத்தியிருப்பீர்கள். அது முதல்நிலை அமீன்களோடுதான் ஒளிரும் சேர்மத்தைத் தரும். புரோலின் இரண்டாம்நிலை அமீன். ஆரஞ்சுச் சாறில் மிகுதியாக இருக்கும் அமினோ அமிலங்களில் புரோலினும் ஒன்று என்பதால், அங்கே இந்த விடுபாடு மொத்தக் கணக்கையே கவிழ்த்துவிடும். இரண்டாம்நிலை அமீனையும் பிடிக்கும் எஃப்மாக் வினைப்பொருளைச் சேர்த்த இரட்டை முறையையோ, நிறம் தரும் நின்ஹைட்ரின் முறையையோ நாடுங்கள்.

புரதத்தில் உள்ளதையும் சேர்த்து மொத்தமாக அளக்க?

6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், காற்றை நீக்கி மூடிய குழாயில், 110 °செ.இல் 24 மணி நேரம் வைத்துப் புரதத்தைப் பிளப்பது நிலையான முறை. இதில் டிரிப்டோஃபான் அழிந்துவிடும். அதற்குத் தனியே காரத்தில் பிளக்க வேண்டும். சிஸ்டீனையும் மெத்தியோனினையும் முதலில் பெர்ஃபார்மிக் அமிலத்தால் ஆக்ஸிஜனேற்றிய பின்பே பிளக்க வேண்டும். செரினும் திரியோனினும் கொஞ்சம் குறையும். வாலின், ஐசோலியூசின் இணைப்புகள் மெதுவாகவே அறுபடும். அவை முழுதாக வேண்டுமென்றால் 72 மணி நேரமும் வைத்து ஒப்பிடுங்கள்.

அஸ்பாரஜின் அஸ்பார்ட்டிக் அமிலமாகவும், குளூட்டமின் குளூட்டமிக் அமிலமாகவும் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஊட்டச்சத்து அட்டவணையில் ‘குளூட்டமிக் அமிலம்’ என்று வரும் பெரிய எண் இப்படிச் சேர்ந்ததுதான். அதைப் பார்த்துச் சுவையைக் கணிக்க முடியாது. நாக்குக்குத் தெரிவது தனித்த குளூட்டமேட் மட்டுமே.

விலையுயர்ந்த கருவி இல்லை. நின்ஹைட்ரின் போதுமா?

மொத்த அளவு மட்டும் வேண்டுமென்றால் போதும். ருஹேமன் 1910-இல் கண்ட ஊதா நிற வினை இது. சாற்றுடன் நின்ஹைட்ரினைச் சேர்த்து, கொதிநீரில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, ஆறிய பின் 570 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். லியூசின் வைத்து நியமக்கோடு வரைந்தால் விடை ‘லியூசினுக்குச் சமமான அளவு’ என்று வரும். அப்படியே எழுதுங்கள், வெறுமனே ‘அமினோ அமிலம் இத்தனை’ என்று எழுதுவது தவறு.

புரோலின் இந்த வினையில் மஞ்சளாக வரும், 440 நானோமீட்டரில்தான் தெரியும். அம்மோனியாவும் ஊதா தரும் என்பதால் வாடிய, அழுகத் தொடங்கிய கீரையில் எண் பொய்யாக உயரும். வெற்று மாதிரியே நிறம் காட்டினால் நின்ஹைட்ரின் பழையதாகியிருக்கும், அல்லது யாரோ கையுறை இல்லாமல் குழாயின் உட்புறத்தைத் தொட்டிருப்பார்கள். விரல் வியர்வையில் இருக்கும் அமினோ அமிலமே அந்த நிறத்துக்குப் போதுமானது.

பழச்சாறில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அமினோ அமிலத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

ஃபார்மால் எண் அதற்கென்றே இருக்கும் சோதனை. 25 மி.லி. சாற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 8.1 ஆக்குங்கள். அதே 8.1-க்குக் கொண்டுவந்த ஃபார்மால்டிஹைடு கரைசல் 10 மி.லி. சேருங்கள். அமினோ தொகுதியை ஃபார்மால்டிஹைடு பிடித்துக்கொள்ள, அமிலத்தன்மை வெளிப்பட்டு பி.எச். இறங்கும். ஒரு நிமிடம் பொறுத்து, 0.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு மீண்டும் 8.1-க்குக் கொண்டுவாருங்கள். செலவான மி.லி.யைப் பத்தால் பெருக்கினால் வருவது ஃபார்மால் எண். அதாவது 100 மி.லி. சாற்றுக்கு 0.1 நார்மல் காரம் எத்தனை மி.லி. என்பது. காரம் 20 மி.லி.யைத் தாண்டினால் 15 மி.லி. ஃபார்மால்டிஹைடோடு திரும்பச் செய்யுங்கள்.

சாற்றில் சல்ஃபைட் பதப்படுத்தி இருந்தால் எண் கெட்டுவிடும்; முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடால் அதை நீக்குங்கள். ஃபார்மால்டிஹைடு புகைபோக்கிக்குள் மட்டுமே திறக்க வேண்டிய பொருள். இந்தச் சோதனையை ஏமாற்றவும் முடியும்: மலிவான கிளைசினைக் கலந்து எண்ணை ஏற்றிவிடலாம். எண் சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், நிறப்பகுப்பியில் ஒவ்வொரு அமினோ அமிலமாகப் பாருங்கள். அந்தப் பழத்துக்குரிய விகிதம் இல்லாவிட்டால் கலப்படம் வெளிப்பட்டுவிடும்.

தக்காளியின் சுவையான பகுதி எது?

விதையைச் சுற்றியுள்ள கூழ். சதைப்பகுதியைவிட அங்கே குளூட்டமிக் அமிலம் பல மடங்கு அதிகம். ‘பார்க்க அழகாக இருக்கட்டும்’ என்று கூழை வழித்தெறிந்துவிட்டுச் சதையை மட்டும் சமைப்பது, சுவையைக் குப்பையில் போடுவதுதான். காயாக இருக்கும்போது காபா அதிகமாகவும் குளூட்டமேட் குறைவாகவும் இருக்கும். பழுக்கப் பழுக்க இது தலைகீழாகும். செடியிலேயே நன்கு சிவந்த தக்காளியில் 100 கிராமுக்கு 150 முதல் 250 மி.கி. தனித்த குளூட்டமேட் இருப்பது வழக்கம். 1908-இல் ஜப்பானின் இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்து ‘உமாமி’ என்று பெயரிட்டது இதே பொருளின் சுவையைத்தான்.

காளானோடு சேர்த்தால் குழம்பு ஏன் இன்னும் சுவைக்கிறது?

உலர்ந்த ஷிட்டாகே காளானில் குவனிலேட் என்ற நியூக்ளியோடைடு உண்டு. குளூட்டமேட்டோடு அது சேரும்போது, நாக்கு உணர்வது இரண்டின் கூட்டுத்தொகையைவிட மிக அதிகம். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். 60 முதல் 70 °செ. பகுதியைக் கடக்கும்போதுதான் நொதிகள் குவனிலேட்டை உருவாக்கும்.

குளிர்பெட்டியில் வைத்த உருளைக்கிழங்கு பொரித்தால் கருகிப் போகிறதே?

குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸாக உடைத்துக்கொள்ளும். 6 °செ.க்குக் கீழே இது வேகமாக நடக்கும். எண்ணெயில் இந்தச் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து கரும்பழுப்பாகும். நிறம் மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. 120 °செ.க்கு மேல், ஈரம் வற்றிய இடத்தில், அஸ்பாரஜினும் அந்தச் சர்க்கரைகளும் சேர்ந்து அக்ரிலமைடும் உருவாகிறது. உணவில் அது இருப்பதை 2002 ஏப்ரலில் சுவீடன் அறிவித்த பிறகுதான் உலகம் கவனித்தது. மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது என்ற 2ஏ பிரிவில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில் அது 1994 முதலே இருக்கிறது.

கிழங்கில் அஸ்பாரஜினுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் அக்ரிலமைடின் அளவைத் தீர்மானிப்பது சர்க்கரைதான். தடுக்கும் வழிகளும் சர்க்கரையைச் சுற்றியே அமைகின்றன. கிழங்கை 6 °செ.க்கு மேல், இருட்டில் வையுங்கள். நறுக்கியதைக் குளிர்ந்த நீரில் 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் ஊறவைத்து, அலசி, ஈரம் துடைத்துப் பொரியுங்கள். மேற்பரப்பிலுள்ள சர்க்கரை கரைந்து போய்விடும். எண்ணெய் 175 °செ.ஐத் தாண்ட வேண்டாம். பொன் மஞ்சளில் எடுத்துவிடுங்கள், பழுப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே குளிரில் இருந்த கிழங்கை இரண்டு மூன்று வாரம் அறை வெப்பத்தில் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும், பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. அதை அவித்துச் சாப்பிடுவதே மேல். நீரில் வேகும்போது அக்ரிலமைடு உருவாகும் அளவுக்கு வெப்பம் ஏறாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/2158 விதியில் மெல்லிய வறுவலுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், பொரித்த நீள் துண்டுகளுக்கு 500 மைக்ரோகிராம் என்று ஒப்பளவு வைத்திருக்கிறார்கள். அஸ்பாரஜினேஸ் நொதி பிசைந்த மாவில் நன்றாக வேலை செய்யும். முழுத் துண்டின் உள்ளே அது ஊடுருவாது என்பதால் வறுவலுக்கு அவ்வளவாக உதவாது.

பொரிக்காத கிழங்கும் வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அதுவும் இதுதானா?

இல்லை. அது தனித்த டைரோசினும் ஃபீனால்களும் காற்றுப்பட்டு, நொதியின் துணையால் மெலனினாவது. நீரில் மூழ்க வையுங்கள், அல்லது எலுமிச்சைச் சாறு தெளியுங்கள்.

பூண்டை நசுக்கிவிட்டுப் பத்து நிமிடம் வைக்கச் சொல்வது சரியா?

சரிதான். முழுப் பல்லில் அல்லியின் ஓர் அறையிலும், அதை மாற்றும் அல்லினேஸ் நொதி வேறோர் அறையிலும் இருக்கும். நசுக்கினால்தான் இரண்டும் சந்தித்து அல்லிசின் உருவாகும். நசுக்காமல் வேகவைத்தால் நொதி செத்துவிடும். காரம் போய் இனிப்பு மட்டும் நிற்கும். வெங்காயத்தில் இதே குடும்பத்து ஐசோஅல்லியினிலிருந்து கண்ணீர் வரவழைக்கும் ஆவி பிறக்கிறது. அதற்கென்று தனி நொதி ஒன்று இருப்பது 2002-இல்தான் தெரியவந்தது. வினிகரில் ஊறிய பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம்: குளிரில் வைத்திருந்த பூண்டில் ஐசோஅல்லியின் சேர்ந்திருக்கும், அது மற்ற அமினோ அமிலங்களோடு சேர்ந்து உண்டாக்கும் நிறமி அது. கெடுதல் இல்லை.

தர்பூசணியின் வெள்ளைத் தோலில்தான் சிட்ருலின் அதிகம் என்கிறார்களே?

எந்த எடையில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உலர் எடையில் தோலில் கிராமுக்கு ஏறத்தாழ 25 மி.கி., சிவப்புச் சதையில் 17 மி.கி. அளவுக்கு இருக்கும். ஆனால் தோலில் நீர் அதிகம். பச்சையாக, அப்படியே எடை போட்டால் தோலில் 1.3, சதையில் 1.9 மி.கி. என்று சதையே முந்துகிறது. பல செய்திகள் முதல் கணக்கை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. உடலுக்குள் சிட்ருலின் சிறுநீரகத்தில் அர்ஜினினாக மாறும். ஆய்வுகளில் தரும் 3 கிராம் அளவைப் பழத்திலிருந்து பெற, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சதை சாப்பிட வேண்டும்.

வேகவைத்த நீரைக் கொட்டினால் இழப்பா?

தனித்தவை நீரில் கரையும், ஆகவே இழப்புதான். சிறிதாக நறுக்கினால் இன்னும் அதிகம். புரதம் பெரும்பாலும் காயிலேயே தங்கும். முட்டைக்கோஸை நெடுநேரம் கொதிக்கவிட்டால் எழும் வாடை, எஸ்-மெத்தில்மெத்தியோனின் சிதைந்து டைமெத்தில் சல்ஃபைடாவதால் வருகிறது; குறுகிய நேரம், திறந்த பாத்திரம் போதும்.

கெடுதல் செய்யும் அமினோ அமிலமும் உண்டா?

உண்டு, அலட்சியம் செய்யக்கூடாதவை. பழுக்காத அக்கீ பழத்தில் ஹைப்போகிளைசின் இருக்கிறது. உடல் கொழுப்பை எரிப்பதையும், அதனால் சர்க்கரை உண்டாக்குவதையும் அது தடுத்து, இரத்தச் சர்க்கரையைக் கடுமையாக வீழ்த்தும். காய் தானாக வெடித்த பிறகே பறித்து, விதையையும் சிவந்த சவ்வையும் நீக்க வேண்டும். லிச்சியிலும் ஹைப்போகிளைசினும் அதன் உறவான இன்னொரு சேர்மமும் உண்டு. பீகாரின் முசாபர்பூரில் 2014-இல் குழந்தைகள் பாதிக்கப்பட்டதை ஆராய்ந்தபோது, லிச்சி தின்றதும் இரவு உணவு உண்ணாததும் சேர்ந்த நிலையே காரணமாகத் தெரிந்தது. நன்றாகச் சாப்பிட்ட ஒருவருக்குச் சில லிச்சிப் பழங்கள் சிக்கல் தருவதில்லை. வெறும் வயிற்றோடு உறங்கப்போகும் மெலிந்த குழந்தைக்குத்தான் ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தை விடியற்காலையில் வலிப்போ மயக்கமோ கண்டால் உடனே மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

நட்சத்திரப் பழத்திலுள்ள கேரம்பாக்சின் ஃபீனைலலனினை ஒத்த நரம்பு நச்சு. 2013-இல் அடையாளம் காணப்பட்டது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரும். அவர்கள் ஒரு துண்டுகூடச் சாப்பிடக்கூடாது. விக்கல் தொடங்கிவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தச் சுத்திகரிப்பே சிகிச்சை. ஆல்ஃபால்ஃபா முளையிலுள்ள கனவனின் அர்ஜினினைப் போல வேடமிட்டுப் புரதத்துக்குள் நுழையும். உடலின் எதிர்ப்பு மண்டலம் தன்னையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களை அதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

பி.கே.யு. உள்ள குழந்தைக்கு எந்தக் காய்களைக் கொடுக்கலாம்?

பி.கே.யு. (ஃபீனைல்கீட்டோனூரியா) என்பது ஃபீனைலலனினைச் சிதைக்க முடியாத பிறவிக் குறை. ஐரோப்பிய வழிகாட்டலின்படி, 100 கிராமுக்கு 75 மி.கி. வரை ஃபீனைலலனின் உள்ள காய், பழங்களை எடை பார்க்காமல் கொடுக்கலாம். பெரும்பாலான பழங்களும் தக்காளி, கேரட், வெள்ளரி போன்றவையும் இதற்குள் வரும். பட்டாணி, பசலைக் கீரை போன்றவற்றை அளந்துதான் கொடுக்க வேண்டும். சில நாடுகளில் வரம்பு வேறு என்பதால் உங்கள் மருத்துவக் குழு தந்த அட்டவணையையே பின்பற்றுங்கள்.

சிறுநீர்ச் சோதனைக்கு முன் வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் என்கிறார்களே?

செரட்டோனின் சுரக்கும் கட்டியைக் கண்டறிய, 5-ஹைட்ராக்ஸி இண்டோல் அசிட்டிக் அமிலத்தைச் சிறுநீரில் அளக்கும் சோதனையாக இருந்தால் அது சரியான அறிவுரை. வாழை, அன்னாசி, தக்காளி, கிவி, அக்ரூட் ஆகியவை டிரிப்டோஃபானிலிருந்து செரட்டோனினைத் தாமே தயாரித்து வைத்திருக்கின்றன. சாப்பிட்டால் கட்டி இல்லாமலேயே எண் ஏறும். பொதுவாக மூன்று நாள் முன்பிருந்தே விடுவார்கள், சிறுநீர் சேகரித்து முடியும்வரை. மற்ற சாதாரணச் சிறுநீர்ச் சோதனைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.